வாக்காளர் பட்டியல், தபால் ஓட்டு, வீட்டிலிருந்தே ஓட்டு: அக்கம்பக்கத்தாருக்கு உதவுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கம், மகளிர் குழு, இளைஞர் மன்றம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, தன் தெருவில் ஒருவர் ஓட்டும் விடுபடக் கூடாது என்று வீடு வீடாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இங்குள்ளவை சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான விதிகள். ஓட்டுப்போட முடியாமல் திரும்புகிறவர்களில் பலர் தேர்தல் நாளன்று எதையும் தவறாகச் செய்தவர்கள் அல்ல. பல வாரங்களுக்கு முன்பே முடிந்துபோன ஒரு கெடுவைக் கவனிக்காமல் விட்டவர்கள். அதனால்தான் கீழே தேதிகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம்.

வோட்டர் ஐடி கையில் இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஓட்டுரிமையைத் தருவது அட்டை அல்ல, பட்டியல். 1998இல் வாங்கிய அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவரின் பெயர் பட்டியலிலிருந்து போயிருக்கலாம். அட்டையே வாங்காதவரின் பெயர் பட்டியலில் இருக்கலாம். இரண்டாமவர் வேறொரு அடையாள ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடுவார். முதலாமவரால் முடியாது.

தமிழ்நாட்டில் இப்போது இதை ஒவ்வொருவரும் பார்த்தே ஆக வேண்டும். 2025 நவம்பர் 4இல் தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் முன்பு இருந்த சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று காரணம் சொல்லப்பட்டது. பூட்டியிருந்த வீடு, நிரப்பித் தராத படிவம் என்று விடுபட்டவர்களும் அதில் இருப்பார்கள். "போன தேர்தலில் போட்டேனே" என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

எங்கே பார்ப்பது?

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் மூன்று வழிகளில் தேடலாம்: அட்டை எண், பெயர் விவரம், பதிவு செய்த செல்பேசி எண். அட்டை எண்ணில் தேடுவதே நல்லது. மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்த எண்ணில் குழப்பத்துக்கு இடமில்லை. பெயரில் தேடினால் "முருகன்" என்று நூறு பேர் வருவார்கள், எழுத்துக்கூட்டல் மாறினால் ஒருவரும் வரமாட்டார். இணையம் இல்லாதவர் 1950 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். இல்லையென்றால் உங்கள் பகுதி பி.எல்.ஓ.விடம், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்கலாம். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ மாநகராட்சி ஊழியரோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவருடைய பெயரும் எண்ணும் அதே இணையதளத்தில் கிடைக்கும்.

பெயர் இருந்தால் மூன்றைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: சட்டமன்றத் தொகுதி, பாகம் எண், வரிசை எண். பூத் ஸ்லிப் வராமல் போனாலும் அந்த மூன்றை வைத்து நேராகப் போய்விடலாம்.

புதிதாகப் பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது?

பெயர் சேர்ப்பது ஆண்டு முழுவதும் நடக்கும். ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. விண்ணப்பம் வந்ததும் அதை விளம்பரப்படுத்தி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று 7 நாள் காத்திருக்க வேண்டும், பி.எல்.ஓ. வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ஆகவே மனு தாக்கல் முடிவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி அறிவிப்பு மார்ச் 16. தமிழ்நாட்டில் மனு தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. பத்து நாள் பின்னால் எண்ணினால் மார்ச் 17. தேர்தல் அறிவிப்பைச் செய்தியில் பார்த்துவிட்டுப் பெயர் சேர்க்கலாம் என்று இருந்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19 என்பதால் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஆகவே "தேர்தல் வரட்டும், பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அன்றே உட்கார வைத்து படிவத்தை நிரப்பிவிடுங்கள்.

18 வயது நிறைய இன்னும் சில மாதம் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

17 முடிந்திருந்தால் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. பிப்ரவரியில் பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். தனக்கு 18 நிறைந்த பிறகு வரும் முதல் தகுதி நாளில் பெயர் சேரும். பிளஸ் டூ வகுப்பறைகளுக்குப் போய்ப் பேச இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ நிரப்பும்போது எங்கே தவறு நடக்கிறது?

ஆவணம் பெரிய சிக்கல் இல்லை. வெள்ளைப் பின்னணியில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். வயதுக்கு, பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. முகவரிக்கு, மின் கட்டண ரசீது, எரிவாயு ரசீது, வங்கிப் பாஸ்புக், ஆதார், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று. தீவிர திருத்தத்தின்போது படிவம் 6உடன் ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்டார்கள். இப்போது என்னென்ன இணைக்க வேண்டும் என்று பி.எல்.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தவறு நடப்பது பெயரில். இணையத்தில் ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ்ப் பெயர் தானாக வந்து நிற்கும், அதை யாரும் படிப்பதில்லை. குறில் நெடிலாகும், ல, ள, ழ ஒன்றோடொன்று மாறும். பட்டியலிலும் அட்டையிலும் அச்சாவது அதுதான். தமிழ்ப் பெட்டியில் கை வைத்து எழுத்து எழுத்தாகத் திருத்துங்கள். அடுத்தது இனிஷியல். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஓர் இடம் இருக்கிறது, நம்மில் பலருக்கு அப்படி ஒன்று கிடையாது. அதில் ஊர்ப் பெயரையோ சாதிப் பெயரையோ தேடிப் போடத் தேவையில்லை. மற்ற ஆவணங்களில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் பெயர் என்ற இடத்தில் தந்தை, தாய், கணவர் யாராவது ஒருவர் பெயர் வரும். வீட்டில் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் அட்டை எண்ணையும் குறிப்பிட்டால், அதே வாக்குச்சாவடியில் குடும்பத்தோடு சேர்த்துப் போடுவார்கள்.

விண்ணப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது தொலைந்தால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடு.

வீடு மாறிவிட்டோம். மறுபடி படிவம் 6ஆ?

இல்லை, படிவம் 8. ஒரே தொகுதிக்குள் மாறினாலும், கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கே மாறினாலும் அதே படிவம்தான். 2022 ஆகஸ்டுக்கு முன்பு வேறு தொகுதிக்கு மாற படிவம் 6 கேட்டார்கள். அந்தப் பழக்கத்தில் இன்னும் பலர் அதையே நிரப்புகிறார்கள். படிவம் 6இல் "முதல் முறையாகப் பதிகிறேன்" என்று உறுதி கொடுக்கிறோம். ஏற்கெனவே ஓரிடத்தில் பெயர் இருப்பவர் அப்படிக் கொடுத்தால் பொய் உறுதிமொழி ஆகிவிடும். அதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதும் சட்டப்படி கூடாது. பெயர்த் திருத்தம், படம் மாற்றம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிக்க, எல்லாவற்றுக்கும் படிவம் 8தான்.

ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர் எங்கே பதிவது?

சொந்த வீட்டு முகவரியிலோ ஹாஸ்டல் முகவரியிலோ, ஏதாவது ஓரிடத்தில். ஹாஸ்டலில் என்றால் கல்லூரி முதல்வர் அல்லது பதிவாளரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும். தேர்தல் நாளில் ஊருக்குப் போய்வர முடியுமா என்பதை யோசித்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.

வீடே இல்லாதவருக்கு?

அவருக்கும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அவர் இரவில் எங்கே தூங்குகிறார் என்று படிவத்தில் குறிப்பிட்டால், பி.எல்.ஓ. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். மேம்பாலத்துக்குக் கீழே, கோயில் வாசலில் இருப்பவர்களிடம் இதுவரை யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், அந்த இரவுகளில் அவர் அங்கேயே இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவில் எல்லோருடைய படிவத்தையும் நாங்களே வாங்கி மொத்தமாகக் கொடுக்கலாமா?

கூடாது. மொத்தமாகக் கொண்டுவரும் விண்ணப்பங்களை வாக்காளர் பதிவு அலுவலர் ஏற்கமாட்டார். ஒரே குடும்பத்தாருடையதை ஒன்றாகக் கொடுக்கலாம். நீங்கள் நிரப்ப உதவலாம், ஆவணம் சரியா என்று பார்க்கலாம், பி.எல்.ஓ. வரும் சிறப்பு முகாமுக்குக் கூட்டிப்போகலாம். கையெழுத்தும் கொடுப்பதும் அவரவர் செய்ய வேண்டும்.

ஆதார் நகல்களை உங்களிடம் சேர்த்து வைக்காதீர்கள். ஒருவருடைய செல்பேசிக்கு வரும் ஓடிபியை அவர்தான் தட்ட வேண்டும். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னாலும் எழுதி வைக்காதீர்கள். எந்தக் கட்சியின் கொடியும் துண்டும் இல்லாமல் போங்கள். கதவு திறப்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள், அல்லது நீக்கிவிட்டார்கள்.

பதிவு அலுவலரின் உத்தரவுக்கு எதிராக 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது முறையீடு. நேரம் குறைவாக இருந்தால் மேல்முறையீட்டோடு நிற்காமல் புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று பதிவு அலுவலரிடம் கேளுங்கள். பல சமயம் அதுவே விரைவான வழி.

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், பெயரை நீக்கக் கோரும் படிவம் 7ஐ இறப்புச் சான்றுடன் குடும்பத்தாரே கொடுத்துவிடுவது நல்லது. துக்க வீட்டில் உடனே கேட்க வேண்டாம், அடுத்த சுற்று போகும்போது நினைவூட்டினால் போதும்.

பெங்களூருவில் வேலை. தபாலில் ஓட்டுப் போடலாமா?

முடியாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெளியூரில் வேலை பார்க்கிறார் என்பதற்காகத் தபால் ஓட்டு கிடையாது. இரண்டே வழி: இருக்கும் ஊருக்குப் பெயரை மாற்றிக்கொள்வது, அல்லது அன்று ஊருக்கு வருவது. மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்பதற்காகவும் தபால் ஓட்டு தரப்படுவதில்லை.

யார் யாருக்குத்தான் உண்டு? 85 வயது கடந்தவர்கள், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகள், தேர்தல் பணியில் இருப்பவர்கள், அன்று கட்டாயம் பணியில் இருக்க வேண்டியவர்கள் என்று ஆணையம் அறிவிக்கும் அத்தியாவசியத் துறையினர், ராணுவத்தினர், வெளிநாட்டுத் தூதரகங்களில் பணிபுரியும் அரசு ஊழியர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள். சிறையில் விசாரணைக் கைதியாகவோ தண்டனைக் கைதியாகவோ இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. தடுப்புக் காவலில் இருப்பவர் தபாலில் போடலாம்.

துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு?

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காமல் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் படிவம் 6ஏ மூலம், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயர் சேர்க்கலாம். ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். அசல் பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும், நகல் செல்லாது.

தாத்தாவுக்கு 87 வயது. வீட்டிலிருந்தே போட என்ன செய்ய வேண்டும்?

படிவம் 12டி. இந்த ஏற்பாடு 2019இல் 80 வயது கடந்தவர்களுக்கு என்று தொடங்கியது, 2024 மார்ச் முதல் வயது வரம்பு 85. பழைய வரம்பை நினைத்துக்கொண்டு 81 வயதுப் பாட்டிக்கு நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். வயதைப் பட்டியலில் உள்ளபடிதான் கணக்கிடுவார்கள். உண்மையில் 86 ஆனவருக்குப் பட்டியலில் 79 என்று இருக்கலாம், அதை முன்பே படிவம் 8 கொடுத்துத் திருத்தியிருக்க வேண்டும்.

தேர்தல் அறிவிக்கை (தேதி அறிவிப்பு அல்ல, அதற்குப் பிறகு முறைப்படி வரும் அரசிதழ் வெளியீடு) வெளியான நாளிலிருந்து 5 நாளுக்குள் 12டி போய்ச் சேர வேண்டும். 2024இல் அறிவிக்கை மார்ச் 20, ஆகவே கெடு மார்ச் 25. ஓட்டுப்பதிவுக்கு இன்னும் மூன்றரை வாரம் இருக்கும்போதே கதவு மூடிவிட்டது. பி.எல்.ஓ. படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தர வேண்டும், நிரப்பியதைத் திரும்ப வாங்கிப் போகவும் வேண்டும். வரவில்லை என்றால் இரண்டாம் நாளே போன் செய்யுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் ஊனச் சான்றின் நகலை இணைக்க மறக்கக் கூடாது. தெருவில் 85 கடந்தவர்கள், நடமாட முடியாதவர்கள் யார் யார் என்ற பட்டியல் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே உங்கள் கையில் இருந்தால், அந்த ஐந்து நாள் போதுமானது.

12டி கொடுத்துவிட்டு, பிறகு வாக்குச்சாவடிக்கே போகலாம் என்று தோன்றினால்?

முடியாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். பிறகு வாக்குச்சாவடியில் அனுமதி இல்லை. அதனால் பெரியவரிடம் முதலில் தெளிவாகக் கேளுங்கள். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு பூத்துக்குப் போய் மை வைத்துக்கொள்வதில் சிலருக்கு இருக்கும் மகிழ்ச்சியை நாம் பறித்துவிடக் கூடாது. அவர்களுக்கு அங்கே சாய்தளமும் சக்கர நாற்காலியும் உண்டு, வரிசையில் நிற்காமல் முன்னால் போகலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்று சக்ஷம் செயலியில் முன்கூட்டியே பதியலாம்.

வீட்டுக்கு வந்து எப்படி ஓட்டு வாங்குவார்கள்?

எந்த நாள், எந்த நேரம் என்று முன்பே தெரிவிப்பார்கள். தேர்தல் அலுவலர்கள், வீடியோ எடுப்பவர், காவலர் என்று ஒரு குழு வரும். வேட்பாளர்களின் முகவர்களும் உடன் வரலாம். முதல் முறை ஆள் இல்லை என்றால் இன்னொரு முறை வருவார்கள். மூன்றாவது முறை கிடையாது. அன்று மருத்துவமனைப் பரிசோதனை, உறவினர் வீட்டுக் கல்யாணம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இயந்திரம் வராது, காகிதச் சீட்டுதான். மறைப்புத் தட்டி வைத்து, பெரியவர் தனியாகக் குறியிட இடம் செய்து தருவார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதும், "இதுல போடுப்பா" என்று விரலைக் காட்டுவதும் கூடாது. பார்வை இல்லாதவர், கை நடுங்கிக் குறியிட முடியாதவர் மட்டும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சீட்டைச் சின்ன உறையில் போட்டு ஒட்டி, உறுதிமொழியில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, இரண்டையும் பெரிய உறைக்குள் போட வேண்டும். அலுவலர் அங்கேயே சான்றொப்பம் இடுவார், அதாவது அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று உறுதி செய்து தானும் கையெழுத்திடுவார்.

தபால் ஓட்டு எதனால் செல்லாமல் போகிறது?

தேர்தல் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், காவலர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். கையில் மூன்று முக்கியமான தாள்கள் வரும். 13ஏ என்பது உறுதிமொழி. 13பி என்பது ஓட்டுச்சீட்டு போடும் சின்ன உறை. 13சி என்பது 13ஏயையும் 13பியையும் சேர்த்துப் போடும் பெரிய உறை.

எண்ணும்போது முதலில் பெரிய உறையைப் பிரிப்பார்கள். உள்ளே 13ஏ இல்லையென்றால், அதில் கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லையென்றால், 13ஏயில் உள்ள ஓட்டுச்சீட்டு வரிசை எண்ணும் 13பியின் மேல் உள்ள எண்ணும் வேறுபட்டால், சின்ன உறையைத் திறக்காமலேயே நிராகரித்துவிடுவார்கள். யாருக்குப் போட்டார் என்பதை யாரும் பார்க்காமலே அந்த ஓட்டு முடிந்துபோகும். உறுதிமொழியை ஓட்டுச்சீட்டோடு சேர்த்துச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சின்ன உறை திறந்த பிறகும், யாருக்கும் குறியிடாதது, இருவருக்குக் குறியிட்டது, பெயரோ கையெழுத்தோ எழுதி ஆளை அடையாளம் காட்டுவது ஆகியவை செல்லாது. ஒருவர் பெயருக்கு எதிரே தெளிவாக ஒரு குறி, அவ்வளவுதான்.

சான்றொப்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ராதாபுரம் தொகுதியே போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டுகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. சான்றொப்பம் இட்ட நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் அதற்குத் தகுதியான அதிகாரிகள் அல்ல என்று காரணம் சொன்னார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தேர்தல் நடந்து மூன்றாண்டு கழித்தும் அந்தச் சான்றொப்பங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

2023இல் விதி மாறியது. தேர்தல் பணியாளர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போகாமல், பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வாக்காளர் வசதி மையத்திலேயே போட வேண்டும். சான்றொப்பம் இடும் அதிகாரியும் அங்கேயே இருப்பார். பணி ஆணை வந்ததும், அதன் நகலோடு படிவம் 12ஐ முதல் பயிற்சி வகுப்பிலேயே கொடுத்துவிடுங்கள். சொந்தத் தொகுதியிலேயே பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கி, பணி செய்யும் வாக்குச்சாவடியில் இயந்திரத்திலேயே போடலாம். அத்தியாவசியத் துறையினருக்கு தபால் ஓட்டு மையம் மூன்று நாள் தொடர்ந்து, காலை 9 முதல் மாலை 5 வரை இருக்கும்.

ராணுவத்தில் இருக்கும் மகனுக்கு?

பணிவாக்காளர் பட்டியல் தனி. ஓட்டுச்சீட்டு இணைய வழியில் அவர் பிரிவுக்குப் போகும். அதை அச்சிட்டுக் குறியிட்டு, சான்றொப்பம் வாங்கி, தபாலில் அனுப்ப வேண்டும், தபால் செலவு இல்லை. ஓட்டு எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் வந்து சேராதது எண்ணப்படாது. விரும்பினால் ஊரில் ஒருவரைத் தன் பதிலாளாக நியமிக்கலாம், 2003 முதல் இது உண்டு. பதிலாளுக்கு இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள், அவருடைய சொந்த ஓட்டுக்கு ஆள்காட்டி விரல் இருக்கிறதே.

வாக்குச்சாவடிக்கு எதைக் கொண்டு போவது? ரேஷன் கார்டு செல்லுமா?

செல்லாது. ஸ்மார்ட் கார்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று திரும்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், படம் உள்ள ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை இவற்றில் ஒன்று. பூத் ஸ்லிப் மட்டும் காட்டினால் 2019 முதல் ஏற்பதில்லை. செல்பேசியில் வைத்திருக்கும் மின்னணு அட்டையை அச்செடுத்துக்கொள்ளுங்கள், சாவடிக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாது. அட்டையில் சிறு எழுத்துப் பிழை இருந்தாலும் ஆள் இன்னார்தான் என்று தெரிந்தால் அனுமதிக்க வேண்டும்.

என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்களாம்.

திரும்பி வராதீர்கள். தலைமை அலுவலரிடம் அடையாளத்தைக் காட்டி 49பி (49P) விதிப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். இயந்திரத்தில் அல்ல, ஒரு காகிதச் சீட்டில் குறியிட்டு உறையில் தருவீர்கள். அது சாதாரண எண்ணிக்கையில் சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால் மதிப்புப் பெறும்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டிச் சவால் ஓட்டுப் போடலாம், 14 சதவீதத்துக்கு மேல் இப்படி விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று. இரண்டும் பொய். பெயர் இல்லையென்றால் எதைக் காட்டினாலும் ஓட்டு இல்லை. உங்கள் குழுவில் அது வந்தால் மறுத்து எழுதுங்கள். அதை நம்பி வீட்டில் இருந்துவிடுகிறவர்களின் ஓட்டுதான் போகிறது.

வயதானவர்களை ஆட்டோ வைத்து அழைத்துப்போகலாமா?

உங்கள் சொந்த வண்டியில் உங்கள் குடும்பத்தாரை அழைத்துப்போகலாம். வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறு யாரோ வண்டி பிடித்து வாக்காளர்களை இலவசமாக ஏற்றிப்போவது தேர்தல் முறைகேடு, மூன்று மாதம் வரை சிறை உண்டு. உங்கள் குழு நல்லெண்ணத்தில் செய்வதும் அப்படிப் பார்க்கப்படலாம். முன்கூட்டியே தேர்தல் நடத்தும் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"பணம் வாங்கிட்டேன், சத்தியம் பண்ணிட்டேன்" என்கிறார்களே?

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதைச் சொல்லி அவரை மிரட்டிப் பயனில்லை. யாருக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும் சீட்டு, அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டும்தான். அது தானாக அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும், அதில் அவர் பெயர் கிடையாது. யாரையும் பிடிக்கவில்லை என்றால் நோட்டா 2013 முதல் இருக்கிறது. பணம் கொடுப்பதை நேரில் பார்த்தால் சிவிஜில் செயலியில் படமோ வீடியோவோ அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு.

"என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?"

2021இல் சென்னை தியாகராய நகர் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அதைவிட அதிகம். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் ஒரே ஓட்டில் வெற்றி தோல்வி முடிவானது. 2024இல் தருமபுரியில் 81 சதவீதம் பேர் வந்து போட்டார்கள், மத்திய சென்னையில் 54 சதவீதம். நகரத்தில் உதவிக்கு இறங்குகிறவர்களுக்கு வேலை அதிகம் இருக்கிறது என்று இந்த எண்களே சொல்கின்றன.

கம்பெனியில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள்.

தர வேண்டும், சம்பளத்தோடு. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு இது. தினக்கூலிக்காரர்களுக்கும் பொருந்தும். வேறு தொகுதியில் வேலை பார்த்தாலும், ஓட்டு இருக்கும் தொகுதியில் தேர்தல் நடக்கும் நாளில் உரிமை உண்டு. மறுத்தால் 1950க்குப் போன் செய்யலாம், மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் புகார் செய்யலாம்.

வேலை முடிந்து வர மாலை ஆகிவிடும். வரிசையில் நிற்கும்போதே நேரம் முடிந்துவிட்டால்?

முடிவு நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் ஓட்டு உண்டு, எத்தனை மணி ஆனாலும். நேரம் முடிந்ததும் தலைமை அலுவலர் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி எண் போட்ட டோக்கன் கொடுத்து வருவார். பிறகு வருகிறவர் யாரும் பின்னால் சேர முடியாமல் இருக்கத்தான் அப்படி. டோக்கனை வாங்கிக்கொண்டு இடத்தை விட்டு நகராமல் நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கட்சி அடையாளம் இல்லாத பாட்டிலில்.